பேரறிஞர் ஐன்ஸ்டைனும் ஒரு கண்ணாடித் தாளும்

ஐன்ஸ்டைன் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது கலைந்த வெண்முடியும், புகைப்படக்காரரை நோக்கி நாக்கை நீட்டும் குறும்பு முகமுமே. விடுதி அறைச் சுவர்களிலும், இளைஞர்கள் அணியும் பனியன்களிலும் அந்தப் படத்தை நாள்தோறும் காண்கிறோம். அது எடுக்கப்பட்ட நாள் 1951 மார்ச் 14. அவருடைய 72-ஆம் பிறந்தநாள். அன்று அவருடைய வயிற்றுக்குள், உடலின் மிகப் பெரிய இரத்தக் குழாயின்மேல், ஒரு கண்ணாடித் தாள் சுற்றப்பட்டிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

சார்புக் கொள்கையை விளக்கும் நூல்கள் பல உண்டு. அப்பெரியாரின் அறிவாற்றலைப் புகழும் கட்டுரைகளுக்கும் குறைவில்லை. நான் எழுத எடுத்துக்கொண்டது வேறொன்று. தம் உடலில் தோன்றிய உயிருக்கு ஆபத்தான ஒரு நோயை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்? அவர் காலத்து மருத்துவம் அவர்முன் எவ்வழிகளை வைத்தது? எதை ஏற்றார், எதை மறுத்தார்? பௌதிகம் படிக்கும் எனக்கு மருத்துவ நூல்களில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அண்மையில் இதே கேள்வி எழுந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1879 மார்ச் 14-ஆம் நாள் ஜெர்மனியில் உல்ம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மறு ஆண்டே குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஹெர்மன் தம் தம்பியுடன் சேர்ந்து அங்கே மின்கருவித் தொழில் நடத்தினார். 1894-இல் அத்தொழில் நொடித்துப் போகவே பெற்றோர் இத்தாலிக்குச் சென்றனர். மகனோ சுவிட்சர்லாந்துக்குச் சென்று, ஜூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1900-இல் தேறினார். வேலை தேடி அலைந்து, 1902-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்தார். அந்த மேசையில் இருந்தபடியே 1905-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பௌதிகத்தின் அடித்தளத்தையே மாற்றின. 1914-இல் பெர்லினுக்கு வந்தார். 1915-இல் பொதுச் சார்புக் கொள்கையை நிறைவு செய்தார். 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு 1922-இல் அறிவிக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியைத் துறந்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார். 1940-இல் அமெரிக்கக் குடிமகனானார்.

ஊர் விட்டு ஊர் சென்ற இந்த வாழ்க்கையை நம்மில் பலர் எளிதில் உணர்வோம். பிறந்த ஊர் ஒன்று, படித்த ஊர் ஒன்று, பிழைத்த ஊர் மற்றொன்று. ஆனால் எங்குச் சென்றாலும் அவர் சிந்தித்ததும் கனவு கண்டதும் ஜெர்மன் மொழியிலேதான். ஆங்கிலம் அவருக்கு இறுதிவரை இரவல் மொழியாகவே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவின் வலிமைக்கு ஏற்ற உடல் வலிமை அவருக்கு வாய்க்கவில்லை. 1917-இல், முதல் உலகப் போரின் உணவுப் பஞ்சத்தினிடையே, வயிற்று நோயால் படுத்த படுக்கையானார். உடல் மிக மெலிந்தது. எல்சா என்ற உறவுப் பெண்மணி அவரைப் பேணிக் காத்தார். 1919-இல் அவரையே மணந்தார். 1928-இல் சுவிட்சர்லாந்தில் மயங்கி விழுந்தார். இதயம் பெருத்திருக்கிறது என்று மருத்துவர்கள் கண்டனர். உப்பில்லா உணவும் பல மாத ஓய்வும் விதித்தனர். அந்நோயின்போது செயலாளராகச் சேர்ந்த ஹெலன் டுகாஸ் அம்மையார் இறுதி நாள்வரை உடனிருந்தார். இவ்வளவுக்கும் இடையே ஐன்ஸ்டைன் விடாமல் போற்றியது புகைக்குழாய். மருத்துவர்கள் பலமுறை தடுத்தும் புகையிலையின் நட்பை அவரால் முற்றிலும் துறக்க இயலவில்லை. வயிற்றுப் பகுதித் தமனி வீங்குவதற்குப் புகையிலை பெருங்காரணம் என்பது இன்று ஐயமின்றித் தெரிகிறது.

இனி அந்த இரத்தக் குழாயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இதயத்தின் இடப்புறத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி முதலில் மேல்நோக்கிச் செல்கிறது. பிறகு கைத்தடியின் பிடிபோல் வளைகிறது. முதுகெலும்பை ஒட்டி நெஞ்சின் வழியே இறங்கி வயிற்றை அடைகிறது. தொப்புளருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரத்தம் இதன் கிளைகள் வழியாகவே செல்கிறது. நெஞ்சுப் பகுதியில் இதன் விட்டம் ஏறத்தாழ 3 செ.மீ.; வயிற்றில் 2 செ.மீ. வயதாலும், உயர் இரத்த அழுத்தத்தாலும், புகையாலும், சிலருக்குப் பிறவிக் குறையாலும், இதன் சுவர் நலிந்து ஓரிடத்தில் புடைக்கத் தொடங்குகிறது. இதை ஆங்கில மருத்துவர் அனூரிஸம் என்பர். நாம் தமனி வீக்கம் என்போம்.

புடைத்தால் என்ன, வலியில்லையே என்று விட்டுவிட முடியாது. லாப்பிளாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்கும் விதியொன்றை நாம் இளங்கலை வகுப்பில் படித்திருக்கிறோம். குழாய்ச் சுவரில் உண்டாகும் தகைவு, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். அழுத்தம் மாறாதிருக்க, ஆரம் இருமடங்காகிச் சுவரும் பாதியாக மெலிந்தால் தகைவு நான்கு மடங்காகும். வீக்கம் பெருகப் பெருகச் சுவர் மேலும் இழுபடும். இழுபட இழுபட வீக்கம் மேலும் பெருகும். முடிவில் ஒருநாள் வெடிக்கும். வெடித்தபின் பிழைப்பவர் மிகச் சிலர். பெரும்பாலோர்க்கு வெடிக்கும்வரை நோய் இருப்பதே தெரிவதில்லை.

இந்நோயை வெல்ல மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றது. 1785-இல் இலண்டனில் ஜான் ஹன்டர், முழங்காலின் பின்புறத் தமனி வீங்கிய ஒருவருக்குத் தொடையில் அத்தமனியைக் கட்டிக் காலைக் காத்தார். காலுக்கு வேறு சிறு குழாய்கள் வழியே இரத்தம் செல்லும்; பெருந்தமனியைக் கட்டினால் உடல் என்ன செய்யும்? 1817-இல் ஹன்டரின் மாணவர் ஆஸ்ட்லி கூப்பர் வயிற்றுப் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தார். நோயாளி இரு நாள்கூடப் பிழைக்கவில்லை. 1864-இல் மற்றோர் ஆங்கிலேயர், நெஞ்சுத் தமனி வீக்கத்துக்குள் நீண்ட இரும்புக் கம்பியைச் செலுத்தினார். அதைச் சுற்றி இரத்தம் உறைந்து வீக்கம் இறுகும் என்பது அவர் எண்ணம், அந்நோயாளியும் மாண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை இதுதான் நிலை.

1948-இல் ஐன்ஸ்டைனுக்கு வயது 69. பல ஆண்டுகளாக மேல்வயிற்றில் வலி வரும், இரண்டு மூன்று நாள் வாட்டும், வாந்தியும் உண்டு, பிறகு தணியும். மருத்துவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது நாடிபோல் துடிக்கும் கட்டியொன்று தட்டுப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் யூத மருத்துவமனையில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அவர் வயிற்றைத் திறந்தார். நிஸ்ஸனும் ஜெர்மன் நாட்டு யூதரே. 1931-இல் ஒரு முழு நுரையீரலை வெற்றியுடன் அகற்றிப் புகழ் பெற்றவர். 1933-இல் பெர்லினை விட்டு இஸ்தான்புல் சென்று, 1939-இல் அமெரிக்கா சேர்ந்தவர். அகதியின் உயிர் மற்றோர் அகதியின் கையில் இருந்தது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தாய்மொழி ஒன்றே.

வயிற்றுக்குள் பெரிய சாத்துக்குடிப் பழத்தின் அளவில் பெருந்தமனி வீங்கியிருந்தது. அதை வெட்டி எடுத்து வேறு குழாய் பொருத்தும் வித்தை அன்று உலகில் எவருக்கும் கைவரவில்லை. கட்டுவதோ கொல்வதற்கு ஒப்பாகும். ஒன்றும் செய்யாமல் வயிற்றை மூடிவிடலாம்; அல்லது புதிதாக வழக்கில் வந்திருந்த ஒரு முறையைக் கையாளலாம். நிஸ்ஸன் இரண்டாவதைத் தேர்ந்தார். செல்லோபேன் என்னும் கண்ணாடித் தாளை வீக்கத்தின்மேல் சுற்றினார். மிட்டாயின்மேலும் சிகரெட்டுப் பெட்டியின்மேலும் சுற்றும் அதே வகைத் தாள்தான். அது தாங்கிப் பிடிக்கும் என்பதற்காகச் சுற்றவில்லை. அயற்பொருள் உறுத்துவதால் சுற்றிலும் தழும்புத் திசு வளரும். அத்தழும்பு நலிந்த சுவருக்கு வேலிபோல் அமையும் என்பதே கருத்து. லாப்பிளாஸ் விதியின்படி சொன்னால், ஆரத்தைக் குறைக்க முடியாதபோது தடிப்பைக் கூட்டும் முயற்சி அது. நோய் நீங்கவில்லை, நாள் கிடைத்தது.

கிடைத்த நாட்கள் எத்தனை? ஆறாண்டும் சில மாதங்களும். அவற்றை அந்த முதியவர் எப்படிச் செலவிட்டார் என்பதைப் பாருங்கள். எல்லா விசைகளையும் ஒரே கொள்கையில் அடக்கும் முயற்சியைத் தொடர்ந்தார். கணக்குகள் கைகூடவில்லை, ஆயினும் விடவில்லை. 1949-இல் நம் பிரதமர் நேரு, தங்கை விஜயலட்சுமியுடனும் மகள் இந்திராவுடனும் பிரின்ஸ்டனுக்குச் சென்று அவரைக் கண்டார். 1951-இல் தம்முடன் வாழ்ந்த தங்கை மாயாவை இழந்தார். 1952-இல் இஸ்ரேல் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோது பணிவுடன் மறுத்தார். 1955 ஏப்ரல் 11-ஆம் நாள், அணுகுண்டுப் போரின் அழிவை உலகுக்கு எச்சரிக்கும் அறிக்கையில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுடன் சேர்ந்து கையொப்பமிட்டார். அதுவே அவரது இறுதிப் பொதுப்பணி ஆயிற்று. கண்ணாடித் தாள் அளித்த காலம் இல்லையேல் அந்தக் கையொப்பமும் இல்லை.

இந்த ஆறாண்டில் அறுவை மருத்துவம் பாய்ந்து முன்னேறியது. 1951 மார்ச்சில், அந்தக் குறும்புப் படம் எடுக்கப்பட்ட இரண்டே வாரத்தில், பாரிஸ் நகரில் ஷார்ல் டியூபோ என்பவர் வீங்கிய வயிற்றுப் பெருந்தமனியை வெட்டியெடுத்தார். இறந்தவர் ஒருவரின் தமனித் துண்டை அங்கே தைத்து வெற்றி கண்டார். 1953-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கியும் டென்டன் கூலியும் நெஞ்சுப் பகுதியிலேயே அதைச் செய்தனர். இறந்தவர் தமனிக்கு எங்கே போவது? டிபேக்கி துணிக்கடைக்குச் சென்று டேக்ரான் என்னும் செயற்கை இழைத் துணியை வாங்கினார். தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். 1954-இல் அதை நோயாளிக்குப் பொருத்தினார். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய தாயிடம் சிறுவயதில் தையல் கற்ற கை அது. நம் தமிழகத்திலும் 1940-களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சறுவைத் துறைக்கு அடிகோலினார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆக, 1948-இல் இல்லாத வழி 1955-இல் இருந்தது. ஏப்ரல் 13-ஆம் நாள் ஐன்ஸ்டைன் தம் வீட்டில் கடும் வலியால் சாய்ந்தார். வீக்கம் கசியத் தொடங்கியிருந்தது. 15-ஆம் நாள் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் சேர்த்தனர். நியூயார்க்கிலிருந்து வந்த அறுவை மருத்துவர் ஃபிராங்க் கிளென், நலிந்த பகுதியை மாற்றிவிடலாம் என்று யோசனை கூறினார். வெற்றிக்கு உறுதியில்லை; வெடித்த தமனியைச் சரிசெய்து பிழைத்தவர் அன்று மிகக் குறைவு. ஐன்ஸ்டைன் மறுத்தார். தம் பங்கைச் செய்தாயிற்று என்றும், இனி இயல்பாக விடைபெறுவதே தகும் என்றும் அவர் கருதினார். அஞ்சி மறுத்தவரல்லர், 1948-இல் கத்திக்கு இசைந்தவரே அவர். வழிகளை அறிந்து, எடைபோட்டு, ஒருமுறை ஆம் என்றார். மறுமுறை வேண்டா என்றார்.

மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் கலிபோர்னியாவிலிருந்து விரைந்து வந்தார். இவர் ஆற்று நீரோட்டத்தையும் அது அள்ளிச் செல்லும் மணலையும் ஆராய்ந்த பொறியியல் பேராசிரியர். தந்தையும் 1926-இல் ஆறுகள் வளைந்து ஓடுவதற்குக் காரணம் கூறி ஒரு கட்டுரை எழுதியவரே. ஓடும் நீரின் இயல்பை அறிந்த இருவரும் ஓடும் குருதியின் உடைப்பின் முன்னே கைகட்டி இருக்க நேர்ந்தது. ஞாயிறன்று சற்றுத் தேறியதுபோல் தோன்றியது. கண்ணாடியும் பேனாவும் கணக்குத் தாள்களும் கேட்டு வாங்கிக்கொண்டார். 1955 ஏப்ரல் 18, திங்கட்கிழமை அதிகாலை 1.15 மணிக்கு உயிர் பிரிந்தது. பிரியும்முன் சில சொற்கள் சொன்னார், ஜெர்மன் மொழியில். அருகிருந்த தாதிக்கு அம்மொழி தெரியாது. உலகமே செவிசாய்த்துக் கேட்டிருக்கும் அச்சொற்கள் காற்றோடு போயின.

நேருவுக்கோ தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே கிட்டவில்லை. 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் நோயுற்றவர், மே 27 காலை முதுகுவலியுடன் எழுந்து, சற்று நேரத்தில் நினைவிழந்தார், பிற்பகலில் மறைந்தார். பெருந்தமனி வெடித்ததே காரணம் என்று அன்றைய செய்திகள் தெரிவித்தன. நாடாளுமன்றத்தில் அந்தத் துயரச் செய்தியை அறிவித்தவர் நம் சி. சுப்பிரமணியம்.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. தையல் இயந்திரத்தில் தமனி தைத்த டிபேக்கிக்கே, 97-ஆம் வயதில், 2005-இன் இறுதி நாளில், நெஞ்சுப் பெருந்தமனி உட்சுவர் கிழிந்தது. வலி வந்த கணமே அவர் நோயை அறிந்துகொண்டார். ஆயினும் அறுவைக்கு இசையவில்லை. வாரங்கள் கழித்து நினைவிழந்த நிலையில், மருத்துவமனையின் அறநெறிக் குழு கூடி விவாதித்து அனுமதித்தபின், 2006 பிப்ரவரியில் அவர் வளர்த்த மருத்துவர்களே அவர் கண்ட முறையாலேயே அவரைக் காத்தனர். மாதக்கணக்கில் துன்புற்று எழுந்தவர், அவர்கள் செய்ததே சரி என்று பின்னர் மகிழ்ந்தார். 2008 ஜூலையில், நூறு வயது நிறையச் சில வாரங்களே இருக்கையில் மறைந்தார். ஒருவர் மறுத்தது சரியா, மற்றவர்க்கு மறுப்பை மீறிச் செய்தது சரியா என்று தீர்ப்பளிக்க நான் வல்லவன் அல்லன். இரண்டையும் அருகருகே வைத்தால், எந்தச் சிகிச்சை சிறந்தது என்ற கேள்விக்கு முன்னே மற்றொன்று நிற்பது தெரிகிறது: தேர்பவர் யார்?

நிற்க. ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் 71 வயதுப் பெரியவர். பாட்டனார் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து கண்டோன்மென்டுக்கு வந்த குடும்பம். நீங்காத இருமலுக்காக எடுத்த ஸ்கேனில், நெஞ்சின் வழியே இறங்கும் பெருந்தமனி 6 செ.மீ. வீங்கியிருப்பது தெரிந்தது. மருத்துவர் மகனிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். வீட்டில் உள்ளோர் கூடிப் பேசி, பெரியவர் பயந்துவிடுவார் என்று அவரிடம் வாயுப் பிடிப்பு என்று மட்டும் சொல்வதென முடிவு செய்தனர். அவர் அவ்வளவு எளிதில் ஏமாறுபவரல்லர். ரிச்சர்ட்ஸ் பூங்காவில் ஒரு மாலை என்னை நிறுத்தி, படித்த பிள்ளை பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கேட்டார். மகனிடம் கலந்தேன், அவரும் கலங்கிய மனத்துடன் ஒப்புக்கொண்டார். நானறிந்ததைத் தமிழில் சொன்னேன்.

வழிகள் மூன்று, ஐயா, மூன்றையும் நம் சைக்கிள் கடையிலேயே காணலாம் என்றேன். டயர் நைந்து டியூப் புடைக்கிறது. காற்றைக் குறைத்து, மெதுவாக ஓட்டி, அடிக்கடி பார்த்துக்கொள்வது ஒரு வழி. இரத்த அழுத்தத்தை மாத்திரையால் அடக்கி, புகையை விட்டு, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை ஸ்கேன் எடுத்து அளப்பது அது. வீக்கம் சிறிதாயின் இதுவே போதும். நெஞ்சுப் பகுதியில் 5.5 செ.மீ. அளவை எட்டினாலோ, விரைந்து வளர்ந்தாலோ, போதாது. மார்ஃபான் போன்ற பிறவிக் குறை உடையோர்க்கும், குடும்பத்தில் இந்நோயால் இறந்தோர் இருப்பவர்க்கும் அதற்கு முன்னரே செயல்பட வேண்டும்.

நைந்த டயரைக் கழற்றிப் புதிது போடுவது இரண்டாம் வழி. விலாவைத் திறந்து, நைந்த பகுதியை வெட்டி, டேக்ரான் குழாயைத் தைக்கும் டிபேக்கி முறை. பெரிய அறுவை, தண்டுவடத்துக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்தும் உண்டு, உடல் தேற மாதங்கள் ஆகும். ஆனால் தேறிவிட்டால் நெடுங்காலம் நிலைக்கும். இளவயதினர்க்கும் பிறவிக் குறை உடையோர்க்கும் இதையே பெரிதும் பரிந்துரைக்கின்றனர். இதயத்திலிருந்து மேலேறும் பகுதி வீங்கினால் இன்றும் பெரும்பாலும் இதுவே வழி.

பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து ஓட்டுவது மூன்றாம் வழி. தொடைத் தமனியில் சிறு துளையிட்டு, உலோகக் கம்பிச் சட்டம் கோத்த துணிக் குழாயைச் சுருட்டி உள்ளே செலுத்தி, வீங்கிய இடத்தில் விரியச் செய்வர். இரத்தம் புதுக் குழாய் வழியே ஓடும். நலிந்த சுவரின்மேல் அழுத்தம் குறையும். வயிற்றுப் பெருந்தமனியில் 1990-இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி இதைச் செய்து காட்டினார். நெஞ்சுப் பகுதிக்கு 1992 முதல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் பயன்படுத்தினர். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. சில நாளில் வீடு திரும்பலாம். தொடக்க ஆபத்து குறைவு. ஆனால் குழாயின் ஓரத்தில் இரத்தம் கசியலாம்; மீண்டும் சரிசெய்ய நேரலாம்; வாழ்நாள் முழுதும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்; செலவும் பல இலட்சம். குழாய் பிடித்து நிற்க, வீக்கத்தின் இரு பக்கமும் நல்ல சுவர் இருந்தாக வேண்டும். முதியோர்க்கும் மற்ற நோய் உடையோர்க்கும், இறங்கும் பகுதி வீக்கத்துக்கு, இன்று முதலில் எண்ணிப் பார்ப்பது இம்முறையையே.

பெரியவர் சிறிதும் அஞ்சவில்லை. மறுவாரம் தாமே மருத்துவரிடம் சென்று இரண்டு கேள்விகள் கேட்டார்: என் தமனியில் துண்டு வைக்க இரு பக்கமும் நல்ல டயர் இருக்கிறதா? வைத்தபின் பூங்காவில் நடக்கலாமா? மருத்துவர் சிரித்து, படத்தைக் காட்டி, பொறுமையாக விடையளித்தாராம். மூன்றாம் வழியைப் பெரியவரே தேர்ந்தார். இன்று நடக்கிறார். அவர் ஒன்றும் வேண்டா என்று சொல்லியிருந்தாலும், அறிந்து சொன்ன சொல்லாக அது இருந்திருக்கும். அவர் மகனுக்கும் அது ஓர் ஆறுதலாயிருந்திருக்கும்.

நண்பர்களே, ஐன்ஸ்டைனின் வாழ்விலிருந்து நான் கற்றது இதுவே. தம் உடலில் நிகழ்வது என்ன என்பதைத் தம் மொழியில் உணரும் பேறு அவருக்கு இருந்தது. அதனால் ஏற்பதும் மறுப்பதும் அவர் செயலாயின. நம் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் அந்தப் பேறு உண்டா? பெங்களூரின் மருத்துவமனைகளில் வல்லுநர்க்கும் கருவிகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஆங்கிலம் அறியாத முதியவர் சார்பில் மகன் கேட்கிறான், மகன் தலையசைக்கிறான், மகன் கையொப்பமிடுகிறான். உயிர் ஒருவருடையது, முடிவு மற்றொருவருடையது.

நம் மன்றத்தில் மருத்துவம் பயில்வோர் இருக்கின்றனர். விஞ்ஞானம் பயில்வோர் இருக்கின்றனர். கன்னடமும் தமிழும் ஒருங்கே பேசுவோர் பலர். வாரத்தில் ஒரு மாலையேனும் நாம் நம் தெருவிலுள்ள முதியோர்க்கு ஸ்கேன் சீட்டைப் படித்துப் பொருள் சொல்லலாம். மருத்துவர் முன் துணையாக உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம். முடிவை நாம் சொல்ல வேண்டா. வழிகளைச் சொன்னால் போதும். ஐம்பது கடந்த தந்தையரிடம் புகையையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிக் கேட்பதும், குடும்பத்தில் எவரேனும் திடீரென நெஞ்சு அல்லது முதுகு வலித்து இறந்ததுண்டா என விசாரிப்பதும், நம் வீட்டிலேயே தொடங்கக்கூடிய பணிகள்.

பிரின்ஸ்டன் மருத்துவமனையில் அந்த இரவில் ஜெர்மன் அறிந்த ஒருவர் அருகில் இருந்திருந்தால், உலகம் ஒரு பேரறிஞரின் கடைசிச் சொல்லைப் பெற்றிருக்கும். நம் முதியோரின் சொல்லையாவது நாம் கேட்டு வைப்போம், அவர்கள் சொல்லக்கூடிய நாளிலேயே.